திப்பு சுல்தானும் துப்பாக்கித் தொழிலும்

திருவண்ணாமலையினின்று கிழக்கே செஞ்சிக்குச் செல்லும் பெருவழியில், ஏறக்குறையப் பத்து மைல் தொலைவில் உள்ளது கீழ்பென்னாத்தூர். இன்று நெல்லும் மணிலாவும் விளையும் ஊர். பதினெட்டாம் நூற்றாண்டிலோ இவ்வழியின் இருமருங்கிலும் வாழ்ந்தோர் வெடியோசையை நன்கறிந்தவர். 1767-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஹைதர் அலியும் நிஜாமும் கர்னல் ஸ்மித்தின் ஆங்கிலப் படையோடு செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் பொருது பின்வாங்கினர். அவ்வமயம் குதிரைப் படையைச் சென்னையின் புறத்தே வரை செலுத்திச் சென்ற ஹைதரின் மைந்தருக்கு வயது பதினாறைத் தாண்டியிராது. அவரே திப்பு. அவர் செய்த போர்கள் சரித்திர நூல்களில் விரிவாக உள. அவர் துப்பாக்கிகளை விரும்பி ஆராய்ந்து செய்வித்த வரலாறு அத்துணைப் பரவவில்லை.

இவர் தேவனஹள்ளியில் 1751-ஆம் ஆண்டில் பிறந்தார் என்பர். ஆர்க்காட்டில் அடக்கமாகியுள்ள திப்பு மஸ்தான் என்னும் பெரியாரின் பெயரே இவருக்கு இடப்பெற்றது. தந்தை எழுத்தறியாதவர், மைந்தரோ பெரியதொரு நூல்நிலையம் வைத்திருந்தவர். 1782-இல் அரியணை ஏறினார்.

அயல்நாட்டுத் துப்பாக்கி தம் கைக்கு வருமாயின், அதனைச் சுவரில் மாட்டி அழகு பார்த்தலோடு அவர் அமையார். தம் கொல்லரிடம் மாதிரியாகக் கொடுப்பார். 1787-இல் பிரான்சு மன்னர் பதினாறாம் லூயியிடம் தூதர்களை விடுத்தபோது, படைத்துணையோடு தொழிலாளரையும் வேண்டினார். சீரங்கப்பட்டணம் முதலிய இடங்களில் தாராமண்டலம் எனப் பெயரிட்டுத் தொழிற்சாலைகள் அமைத்தார். அங்குச் செய்த துப்பாக்கிகளில் புலிவரிக் கோலம் பொன்னாலும் வெள்ளியாலும் இழைக்கப்பெற்றது. சக்கிமுக்கிக் கல்லைப் பற்றி அடிக்கும் குதிரையும் புலியுருவாய் வளைந்திருக்கும். இணையாகச் செய்த கைத்துப்பாக்கிகளில் ஒன்றற்கு வலப்புறமும் மற்றொன்றற்கு இடப்புறமுமாக விசைப்பொறி அமைத்து, கண்ணாடியிற் காணும் உருப்போல ஆக்கினர். சுல்தான் ஏற்படுத்திய மௌலூதி ஆண்டும், செய்த கைவினைஞரின் பெயரும் அவற்றில் பொறிக்கப்பெற்றன. கோயிற்சிற்பி தன் பெயரை மறைத்துச் செல்லும் நம் நாட்டில் இஃது அருமையன்றோ!

அக்காலத் துப்பாக்கியின் பெருங்குறை ஒரே வெடியில் ஓய்ந்துபோதல். மீண்டும் மருந்தும் குண்டும் திணிப்பதற்குள் பகைவன் நெருங்கிவிடுவான். இக்குறை திப்புவின் கொல்லருக்கும் உறுத்தியிருத்தல் வேண்டும். ஒரே குழலில் இரண்டு மருந்தும் குண்டும் ஒன்றன்பின் ஒன்றாக இட்டு, முன்னதை முதலிலும் பின்னதை அடுத்தும் சுடும் வேட்டைத் துப்பாக்கி ஒன்றை, மௌலூதி 1222-இல், அஃதாவது 1793-94-இல், செய்து முடித்தனர். இதே நாட்டத்தால் இலண்டனில் 1818-இல் கோலியர் என்பார் சுழலறைத் துப்பாக்கிக்கு உரிமை பெற்றார். 1836-இல் அமெரிக்கராகிய கோல்ட் அதனைச் சீர்படுத்தினார். எனினும் ஒவ்வொரு முறையும் குதிரையை விரலால் எழுப்ப வேண்டியிருந்தது. 1851-இல் ராபர்ட் ஆடம்ஸ் செய்த ரிவால்வரிலோ, விசையை இழுத்த அளவில் அறை சுழன்று குதிரை தானே எழுந்து அடித்தது. பழைய ரிவால்வர் சேர்ப்போர் இன்றும் போற்றும் இரட்டைச் செயல் வகைக்கு இதுவே முன்னோடி.

நிற்க. கலையுள்ளம் ஒருவரை இரக்கமுடையவராக்கும் என்று கொள்ளுதல் இயலாது. 1790-91-இல் திப்புவின் படை திருவண்ணாமலையைக் கைப்பற்றியபோது அந்நகரத்தார் பட்ட துன்பம் பெரிது. அங்கிருந்து அப்படை திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கலை நோக்கிச் சென்றது. மறு ஆண்டிலேயே அவர் தம் நாட்டிற் பாதியையும் மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாயையும் இழந்து, இரு மைந்தரைப் பிணையாகக் கொடுத்தார். 1799 மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணத்துக் கோட்டையில் பொருது மடிந்தார். உடல், பிணக்குவியலினிடையே இருந்து எடுக்கப்பெற்றது.

அவருடைய குடும்பத்தார் வேலூர்க் கோட்டைக்கும், 1806-ஆம் ஆண்டுக் கலகத்தின் பின்னர்க் கல்கத்தாவுக்கும் அனுப்பப்பெற்றனர். ஆயுதங்கள் கொள்ளைப் பொருளாகப் பங்கிடப்பட்டன. அப்பொழுது சென்னைக் கவர்னராயிருந்த எட்வர்டு கிளைவின் குடும்பத்தார் சேர்த்தவை போவிஸ் கோட்டையில் உள. புரவலரை இழந்த கொல்லர் அத்தகைய துப்பாக்கியை மீண்டும் செய்திலர். முன்னர்க் கூறிய இருவெடித் துப்பாக்கி 2015-இல் இலண்டனில் ஏலம் போயிற்று. 2019-இல், கம்பெனிப் படை மேஜர் ஒருவரின் வழியினர் தம் வீட்டுப் பரணிலிருந்து வேறொரு துப்பாக்கியையும் சில வாள்களையும் எடுத்து விற்றனர்.