நோயாளி சொன்னதை அப்படியே எழுதியவர்
(டாக்டர் சாமுவேல் ஹானிமன், 1755 – 1843)



நம்ம பக்கத்து மதுரை மாவட்டம் திருமங்கலத்துல அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி இருக்கு. அந்த வைத்திய முறையை உண்டாக்கியவர்தான் ஹானிமன். அவர் கொடுத்த மருந்தை விட, அவர் எழுதி வைத்த நோட்டுகளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லப் போகிறேன்.

ஜெர்மனியில் மெய்சன் என்ற ஊரில் 1755 ஏப்ரல் 10-ல் பிறந்தார். அப்பா பீங்கான் பாத்திரங்களில் படம் வரைபவர். வீட்டில் கஷ்டம். பையன் படிப்பை நிறுத்தப் பார்த்தார்கள். ஆசிரியர்கள்தான் விடாமல், பீஸ் இல்லாமல் படிக்க வைத்தார்கள். பிறகு மற்றவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தும், புத்தகங்களை மொழிபெயர்த்தும் சம்பாதித்துப் படித்து, 1779-ல் டாக்டர் ஆனார்.

அந்தக் காலத்தில் பல நோய்க்கும் உடம்பைக் கீறி ரத்தத்தை வடிய விடுவார்கள். அதனால் நோயாளி இன்னும் பலவீனமாவதைப் பார்த்து, வைத்தியத்தையே சில காலம் விட்டுவிட்டார்.

1790-ல் சின்கோனா மரப்பட்டையைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். அது மலேரியா காய்ச்சலுக்கான மருந்து. நம்ம முல்லைப் பெரியாறு அணை கட்டும்போது தொழிலாளர்களை வாட்டியதே, அதே மலேரியாதான். நல்லா இருந்த தன் உடம்பில் என்னென்ன மாறுது என்று கவனித்தார். அதிலிருந்துதான் அவருடைய வைத்திய முறை பிறந்தது. 1810-ல் 'ஆர்கனான்' என்ற நூலை வெளியிட்டார்.

நோயாளியைப் பற்றி எப்படி எழுதணும் என்று அந்த நூலில் விளக்கியிருக்கிறார். அவர் சொன்ன முறை இதுதான்:

1. நோயாளி பேசும்போது குறுக்கே பேசக் கூடாது.
2. அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதணும்.
3. ஒவ்வொரு தொந்தரவையும் புது வரியில் எழுதணும். பிறகு சேர்த்து எழுத இடம் விடணும்.
4. ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்வியைக் கேட்கக் கூடாது.
5. கூட இருப்பவர்களையும் விசாரிக்கணும்.

கடைசிக் காலத்தில் பாரிஸ் நகரில் வைத்தியம் பார்த்தார். மனைவி மெலனியும் அவரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்தார். 1843 ஜூலை 2-ல், 88 வயதில் இறந்தார். அவருடைய நோயாளிக் குறிப்புகள் 54 தொகுதிகள் இன்றும் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் பத்திரமாக உள்ளன. அன்றைக்கு சாதாரண மக்களுக்கு என்ன வலி, என்ன கவலை இருந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் அதைப் படித்துத் தெரிந்து கொள்கிறார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. எந்த நோய்க்கும் ஹோமியோபதி மருந்து பலன் தருவதாக நம்பகமான சான்று இல்லை என்று, ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2015-ல் அறிவித்தது. அதனால் மலேரியா, டெங்கு மாதிரி காய்ச்சல் வந்தால் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.

ஆனால் கேட்டு எழுதும் பழக்கம் எல்லா வைத்தியத்துக்கும் வேணும். நம்ம ஊர்ல ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஜீப்பில் போற அம்மாக்கள், பாட்டிகள் எத்தனை பேர்! உடம்பு காந்துது, கிறுகிறுன்னு வருதுன்னு வீட்டில் சொல்வாங்க. டாக்டர் முன்னாடி போனதும் பயந்து, காய்ச்சல் என்று ஒரே வார்த்தையில் முடிச்சிடுவாங்க. மற்றதெல்லாம் ஓ.பி. சீட்டில் ஏறாமலே போகுது.

துணைக்குப் போறது பெரும்பாலும் நாமதானே! எப்ப ஆரம்பிச்சது, எப்ப அதிகமாகுது, என்ன மாத்திரை சாப்பிட்டாங்க என்று அவங்க சொல்றபடியே ஒரு தாளில் எழுதி எடுத்துட்டுப் போவோம். பழைய சீட்டையும் தூக்கிப் போடாம வைப்போம். எழுதப் படிக்கத் தெரிந்த நாம் இதையாவது செய்யலாமே!

– 9-ஆம் வகுப்பு மாணவி