வேதபாரகரான அர்ச். எரோணிமுஸ்



அர்ச். எரோணிமுஸ் என்றதும் உங்கள் மனக்கண்முன் வருவது என்ன? நரைத்த தாடியுள்ள ஒரு வயோதிகர், மேஜைமேல் மண்டையோடு, சுவரில் சிவப்புத் தொப்பி, காலடியில் படுத்திருக்கும் ஒரு சிங்கம். படம் எழுதினவர்களை நாம் குறைகூற வேண்டியதில்லை. ஆனாலும் அந்தச் சிங்கம் வேறொரு மடத்துக்குச் சொந்தம். யோர்தான் நதியருகே வாழ்ந்த கெராசிமுஸ் என்ற தபோதனரைப்பற்றிச் சொல்லப்பட்ட கதை அது. இலத்தீனில் இருவர் பெயரும் ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிக்கவே, சிங்கம் வீடு மாறி வந்துவிட்டது. தொப்பியும் அப்படித்தான். கர்தினால்மாருக்குச் சிவப்புத் தொப்பி வந்தது 13-ம் நூற்றாண்டில். நம்முடைய அர்ச்சியசிஷ்டரோ 420-ம் ஆண்டிலேயே இவ்வுலகை விட்டுப் போனவர்.

சிங்கத்தையும் தொப்பியையும் எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தால், மீதியாய் இருப்பவர் மகா படிப்பாளி, மகா கோபக்காரர். வேத புத்தகத்தை அவரளவு தினமும் கையில் எடுத்தவர்கள் திருச்சபைச் சரித்திரத்தில் வெகு சிலரே. அந்தப் புத்தகம் அவரை என்ன செய்தது, எதைச் செய்ய முடியாமல் விட்டது என்பதை இவ்வாரம் சற்றுப் பார்ப்போம்.

தல்மாசியா, பன்னோனியா என்ற இரண்டு நாடுகளின் எல்லையில் இருந்த ஸ்திரிதோன் என்னும் சிற்றூரில், 347-ம் ஆண்டையொட்டி அவர் பிறந்தார். தகப்பனார் வசதியுள்ளவர், மகனை உரோமாபுரிக்குப் படிக்க அனுப்பினார். அங்கே தொனாத்துஸ் என்ற பேர்போன இலக்கண ஆசிரியரிடம் பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளிகளோடு சுரங்கக் கல்லறைகளுக்குள் இறங்கி, வேதசாட்சிகளின் சமாதிகளைச் சந்திப்பாராம். அந்த நகரிலேயே ஞானஸ்நானமும் பெற்றார். ஆனால் அவருடைய நெஞ்சைக் கவர்ந்தவை சிசரோ முதலான பழைய ஆசிரியர்களின் நூல்களே. பிற்பாடு வீடு, தங்கை, நல்ல சாப்பாடு எல்லாவற்றையும் துறந்து கீழ்நாடு சென்றபோதும், தம் கையால் சேர்த்த அந்தப் புத்தகப் பெட்டியை மட்டும் அவரால் துறக்க முடியவில்லை. உபவாசம் இருப்பார், உபவாசம் முடிந்ததும் சிசரோவை எடுப்பார். தீர்க்கதரிசிகளின் ஆகமங்களைத் திறந்தால், அந்த முரட்டு நடை அவருக்குக் கசந்தது.

அந்தியோக்கியாவில் ஒரு தபசுக்காலத்தில் கடுமையான காய்ச்சல் கண்டு, பிழைக்கமாட்டார் என்று அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யுமளவுக்கு வந்துவிட்டது. அப்போது ஒரு கனவு. நியாயாசனத்தின் முன் நிறுத்தப்படுகிறார். நீ யார் என்ற கேள்விக்குத் தாம் கிறிஸ்தவன் என்கிறார். அது பொய், நீ சிசரோவின் ஆள் என்று தீர்ப்பாகிறது, சாட்டையடி விழுகிறது. இனி அந்தப் புத்தகங்களைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்து கண்விழித்தார். வருஷங்கள் பல கழித்து, பெத்லெகேமில் சிறுவர்களுக்கு அவர் பழைய இலக்கியங்களைக் கற்பித்தபோது, விரோதிகள் இந்தச் சத்தியத்தை எடுத்துக்காட்டிக் கேலி செய்தார்கள். கனவில் செய்த சத்தியத்துக்கு வழக்கா என்று அவர் பதிலடி கொடுத்தார். வாதத்தில் அவரை வெல்வது கஷ்டம்.

பிறகு கால்சிஸ் என்ற சீரியா தேசத்து வனாந்தரம். அங்கே துர்நினைவுகள் அவரை வாட்டின. மனதை அடக்க அவர் தேடிய மருந்து என்ன தெரியுமா? எபிரேய பாஷை! யூத மதத்திலிருந்து மனந்திரும்பிய ஒரு துறவியிடம் மாணவனாய் உட்கார்ந்தார். இனிய இலத்தீனில் ஊறிய நாவுக்கு, தொண்டையிலிருந்து எழும் அந்த ஒலிகள் பெரும் பாடாய் இருந்தன. பலமுறை சலித்து விட்டார், மறுபடி தொடங்கினார். கத்தோலிக்க உலகம் பதினைந்து நூற்றாண்டுகளாய் வாசித்த இலத்தீன் வேதாகமத்துக்கு விதை விழுந்தது இந்தப் பாலைவனத்தில்தான்.

382-ல் உரோமாபுரிக்குத் திரும்பினார். தமாசுஸ் பாப்பரசர் அவரைத் தமக்கு உதவியாய் வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று பேதப்பட்டிருந்த இலத்தீன் சுவிசேஷப் பிரதிகளைத் திருத்தும் வேலையை ஒப்படைத்தார். அந்நாட்களில் மார்செல்லா என்ற விதவையின் மாளிகையில், பெரிய குடும்பத்துப் பெண்கள் கூடி ஜெபமும் வேத வாசிப்புமாய் இருந்தார்கள். எரோணிமுஸ் அவர்களுக்கு ஆசிரியரானார். மார்செல்லா பதிலுக்குப் பதில் கேள்வி போட்டு அவரைத் திணற வைப்பாள். பவுலா என்ற மற்றொரு விதவை ஐந்து பிள்ளைகளின் தாய். அவளுடைய மூத்த மகள் பிளேசில்லா 384-ல் இளவயதில் இறந்தபோது, கடும் உபவாசமே அவளைக் கொன்றது என்று ஊர் பேசிற்று. பழி எரோணிமுஸ் தலையில் விழுந்தது. ஏற்கெனவே குருக்களின் சொகுசு வாழ்வை அவர் எழுத்தில் கிழித்துக் காட்டியிருந்தபடியால், அவருக்காகப் பரிந்துபேச அதிகம் பேர் இல்லை. அவ்வாண்டு முடிவில் தமாசுஸ் பாப்பரசரும் காலமானார். 385-ல் எரோணிமுஸ் கப்பலேறினார்.

பவுலாவும் தன் மகள் எவுஸ்தோக்கியத்தோடு பின்தொடர்ந்தாள். துறைமுகத்தில் கடைக்குட்டி தொக்சோத்தியுஸ் கரையிலிருந்து கைகளை நீட்டினான். கலியாண வயதிலிருந்த ரூபினா, தன் விவாகம்வரையாவது நிற்கும்படி கண்ணீரால் கெஞ்சினாள். தாய் வானத்தை நோக்கினாளேயொழிய கரையை நோக்கவில்லை. இதை வாசிக்கும் தாய்மாரே, உங்கள் மனம் இதற்குச் சம்மதிக்கிறதா? எழுதும் எனக்கு இவ்விடத்தில் எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. அர்ச்சியசிஷ்டவர்களின் எல்லாச் செயலும் நாம் பின்பற்றுவதற்கென்று எழுதப்பட்டதல்ல.

386 முதல் பெத்லெகேம் அவர்கள் வீடாயிற்று. பவுலாவின் பணத்தில் ஆண்களுக்கு ஒரு மடமும் பெண்களுக்கு மடங்களும் எழும்பின. மரியம்மாளுக்கும் சூசையப்பருக்கும் இடம் கிடையாமற்போன அவ்வூரில், யாத்திரிகருக்காக வழியோரத்தில் ஒரு சத்திரமும் கட்டப்பட்டது. பணம் போதாமல், கோத்தர் படை அழித்ததுபோக எஞ்சியிருந்த தம் பிதுரார்ச்சித வீடு நிலங்களை விற்றுவர எரோணிமுஸ் தம் தம்பியை ஊருக்கு அனுப்பினார்.

பவுலாவின் மடத்தில் விடியற்காலம், மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, சாயங்காலம், நள்ளிரவு என்று ஆறு வேளையும் சங்கீதங்கள் பாடப்பட்டன. சங்கீதங்கள் மனப்பாடமாய்த் தெரியாமல் அங்கே யாரும் இருக்கலாகாது. அதோடு தினந்தோறும் வேதாகமத்தில் ஏதாவது ஒரு பகுதியைப் படித்தே ஆகவேண்டும். சீமாட்டியாய் இருந்தவளுக்கும் அவள் வேலைக்காரியாய் இருந்தவளுக்கும் ஒரே சட்டம். பவுலா வயதான காலத்தில் எபிரேயம் கற்று, சங்கீதங்களை அந்தப் பாஷையிலேயே பாடினாள். உச்சரிப்பில் இலத்தீன் வாடையே இல்லையென்று ஆசிரியரே மெச்சுகிறார்.

ஆசிரியர் தாமும் மாணவராகவே இருந்தார். பரானினா என்ற யூதரிடம் அவர் பாடம் கேட்டது இரவில்; தம் இனத்தாருக்குப் பயந்து அவர் இருட்டிலே வந்து போவார். 390-ஐ ஒட்டித் தொடங்கி 405 வரை, பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்தே இலத்தீனில் பெயர்த்தார். தொபியாஸ் ஆகமத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரே நாள். கல்தேய மொழி அறிந்த ஒருவர் எபிரேயத்தில் சொல்லச் சொல்ல, இவர் இலத்தீனில் சொல்லி எழுதுவித்தார்.

நன்றி கிடைத்ததா என்று கேட்கிறீர்களா? ஆப்பிரிக்காவில் ஓயா என்ற பட்டணத்தில் மேற்றிராணியார் இவருடைய புது மொழிபெயர்ப்பில் யோனாஸ் ஆகமத்தை வாசிக்கச் செய்தபோது கோவிலில் கூச்சல் எழுந்தது. தீர்க்கதரிசிக்கு நிழல் கொடுத்தது சுரைக்கொடி என்றே தலைமுறை தலைமுறையாய்க் கேட்டவர்கள் அவர்கள். இவரோ வேறு கொடியின் பெயரை எழுதியிருந்தார். ஜனங்கள் மேற்றிராணியாரை விட்டுப் போய்விடும் நிலைமை! அர்ச். அகுஸ்தீன் 403-ல் இதை அவருக்கு எழுதினார். எரோணிமுஸின் பதிலில் சூடு இருந்ததென்று சொல்லத் தேவையில்லை. ஆயினும் அந்த இருவரும் பின்னர் மனம் ஒத்துப்போனார்கள்.

ரூபினுஸ் விஷயத்தில் அப்படி முடியவில்லை. வாலிபத்தில் உயிர்ச் சிநேகிதர்; ஒலிவ மலையில் மடம் நடத்தியவர். ஒரிஜென் என்ற பழைய ஆசிரியரின் போதகத்தைப்பற்றி எழுந்த தர்க்கம் இருவரையும் பிரித்தது. 397-ல் ஜெருசலேமில் உத்தானக் கோவிலில் கைகொடுத்துச் சமாதானமானார்கள், மறுபடி முறிந்தது. பின்பு புத்தகத்துக்குப் புத்தகம், வசைக்கு வசை. இது அக்காலத்துப் பக்தர்களுக்குப் பெரிய இடறலாயிருந்தது. அகுஸ்தீனும் மனம் நொந்து எழுதினார்.

404-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி பவுலா மரித்தாள். துக்கத்தால் எரோணிமுஸுக்கு எழுத்து ஓடவில்லை. கடைசியில் அவளுடைய சரித்திரத்தை இரண்டு இரவுகளில் சொல்லி எழுதுவித்தார்.

அதற்குச் சற்று முன்னே, கரையில் கைநீட்டி நின்ற அந்தப் பையன் வளர்ந்து, லேத்தா என்பவளை மணந்து, ஒரு பெண்குழந்தைக்குத் தகப்பனாகி, குழந்தைக்குப் பாட்டியின் பெயரையே வைத்திருந்தான். குழந்தையை வளர்க்கும் வகை கேட்ட லேத்தாவுக்கு எரோணிமுஸ் எழுதிய நிருபம் பெற்றோர் யாவரும் அறியவேண்டியது. மரத்திலோ தந்தத்திலோ எழுத்துக்கள் செய்து விளையாடக் கொடு, கூடப் படிக்கத் தோழிகள் இருக்கட்டும், மந்தமாயிருந்தால் திட்டாதே, பாடத்தின்மேல் வெறுப்பு வந்தால் பெரியவளானபின்னும் போகாது என்கிறார். முதலில் சங்கீதங்கள், அப்புறம் பழமொழி ஆகமம், யோபு, பிறகு சுவிசேஷங்கள் என்று வரிசையும் போட்டுத் தருகிறார். தினமும் வேதத்தில் ஒரு பகுதியைக் குழந்தை உன்னிடம் ஒப்பிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. முடியாவிட்டால் பெத்லெகேமுக்கு அனுப்பிவிடு, கிழவனாகிய நானே தோளில் தூக்கி வளர்க்கிறேன் என்று முடிக்கிறார். ரூபினுஸை வாட்டிய அதே பேனாதான் இதையும் எழுதிற்று.

410-ம் ஆண்டு ஆகஸ்டில் அலாரிக் என்ற கோத்தர் அரசன் உரோமாபுரியைக் கொள்ளையிட்டான். வயதான மார்செல்லாவை, புதைத்த பொன் எங்கே என்று வீரர்கள் அடித்தார்கள். எல்லாம் முன்னமே ஏழைகளுக்குப் போய்விட்டதை அவர்கள் நம்பவில்லை. சில நாளில் அவள் உயிர் பிரிந்தது. இச்செய்திகள் பெத்லெகேமுக்கு எட்டினபோது எரோணிமுஸ் அறுபதைக் கடந்தவர். எசெக்கியேல் ஆகமத்துக்கு விரிவுரை எழுதிக்கொண்டிருந்தார். செய்தியின் பின்னாலேயே மனிதர் வந்தார்கள். நேற்றுவரை மாளிகைகளில் இருந்தவர்கள், உடுத்த துணியோடு, சிலர் காயத்தோடு, சத்திரத்து வாசலில் கைநீட்டி நின்றார்கள். நாள் தவறாமல் வந்தார்கள். எல்லாருக்கும் கொடுக்க மடத்தில் இல்லை. கொடுக்க முடியாதபோது கூட உட்கார்ந்து அழுதார்.

எசெக்கியேல் விரிவுரை நின்றது. வேதத்தின் வார்த்தைகளை விளக்குவதைவிட, அவற்றைச் செயலாக்கும் வேளை இது என்ற கருத்தை அந்நூலின் மூன்றாம் பாகத்து முகவுரையில் அவரே எழுதிவைத்தார். பகல் முழுதும் விருந்தினருக்குப் போயிற்று. இரவில் விளக்கைக் கொளுத்திக்கொண்டு சொல்லி எழுதுவிப்பார். கண்ணொளி மங்கிவிட்டது, அந்த வெளிச்சத்தில் எபிரேய எழுத்துக்கள் தெரிவதில்லை, கிரேக்க நூல்களைச் சகோதரர்கள் வாசிக்கக் கேட்டார். விரிவுரை முடிய 414 ஆயிற்று.

இதே நூலின் முதல் முகவுரையில்தான், சிசிலித் தீவில் அப்போது இறந்துபோயிருந்த ரூபினுஸை, பெயர் சொல்லாமல், புதைக்கப்பட்ட தேளுக்கு ஒப்பிட்டிருக்கிறார். பழைய சிநேகிதன் சாவும் அந்தக் கசப்பை ஆற்றவில்லை. ஏடுகள் சில தள்ளி, அகதிகளுக்காக அழும் கிழவர். இரண்டையும் எழுதியது ஒருவரே. அவரைப் பீடத்தில் ஏற்றிய திருச்சபை அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடவில்லை.

416-ல் பெத்லெகேம் மடங்களை ஒரு கூட்டம் தாக்கித் தீயிட்டது. ஒரு தியாக்கோன் கொல்லப்பட்டார். மற்றவர்கள் ஒரு கோபுரத்தில் ஒதுங்கி உயிர் தப்பினார்கள். சில வருஷங்களில் எவுஸ்தோக்கியமும் மரித்தாள். எழுத்துக் கட்டைகளோடு விளையாட வேண்டிய குழந்தையாய் நாம் மேலே கண்ட பேத்தி பவுலா, இப்போது வளர்ந்தவளாய் பெத்லெகேமில் அவர் அருகே இருந்தாள். அவர் கையிலிருந்த வேலை எரேமியாஸ் ஆகமத்து விரிவுரை. 420-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி அவர் கண்மூடினார். சேசுநாதர் பிறந்த குகைக்குப் பக்கத்தில், பவுலாவும் எவுஸ்தோக்கியமும் கிடந்த இடத்தருகே அடக்கம் செய்தார்கள். எரேமியாஸ் விரிவுரை 32-ம் அதிகாரத்தோடு நிற்கிறது.