குறையோடு வந்த குணம்

மூன்றாண்டுகளுக்கு முன் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் என் கால் முறிந்தது. அறுவைச் சிகிச்சையும் ஐந்து மாத ஓய்வும் முடிந்து எழுந்தபோது நடையில் ஒரு சாய்வு நிலைத்துவிட்டது. குணமானதற்கு நன்றி செலுத்த வீட்டார் ஆலயத்துக்கு அழைத்தனர். எனக்கோ மனக்குறையே மிஞ்சியிருந்தது. அந்நாளில்தான் புனித இஞ்ஞாசியாரின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தது.

சென்னை லயோலா கல்லூரி தாங்கி நிற்பது ஸ்பெயினில் உள்ள அவரது பிறப்பிடத்தின் பெயரையே. 1491-இல் பிரபுக் குடும்பத்தில் பிறந்த அவர், இளமையில் வாளையும் புகழையும் நேசித்தார். 1521 மே மாதம் பம்ப்லோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது பீரங்கிக் குண்டு அவரது வலக்காலை முறித்தது. சரியாகப் பொருந்தாத எலும்பை வீட்டில் மீண்டும் உடைத்துச் சேர்த்தனர். மயக்க மருந்து இல்லாத காலம் அது. ஜூன் இறுதியில், நள்ளிரவுக்குள் தேறாவிட்டால் பிழைப்பது அரிது என்ற நிலை வந்தது. அந்த இரவில் அவர் தேறத் தொடங்கினார்.

ஆயினும் உடனே நன்றியுணர்வு பிறந்துவிடவில்லை. முழங்காலுக்குக் கீழே துருத்திய எலும்பு, வீரர்கள் அணியும் இறுக்கமான காலணிக்குத் தடையாக இருக்குமென்று அதை அறுத்தெடுக்கச் சொன்னார். அவர் விரும்பியது பழைய வாழ்க்கையைத்தான். அந்த இடத்தில் நான் என்னையே கண்டேன்.

படுக்கையில் வீரக் கதைகளைக் கேட்டார். கிடைத்தவையோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும். வீரக் கனவுகள் இனித்துப் பின் வெறுமையைத் தந்தன. புனிதர்களைப் பற்றிய எண்ணங்களோ நிலைத்த மகிழ்ச்சியைத் தந்தன. 1522-இல் மொன்செராட் ஆலயத்தில் வாளைக் காணிக்கையாக்கினார். மன்ரேசாவில் பிச்சையெடுத்து உண்டு, மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். முப்பது வயதைக் கடந்தபின் பார்சிலோனாவில் சிறுவர்களோடு அமர்ந்து லத்தீன் கற்றார். பாரிசில் சேர்ந்த தோழர்களோடு அவர் தொடங்கிய இயேசு சபைக்கு 1540-இல் திருத்தந்தை ஒப்புதல் அளித்தார். அத்தோழர்களுள் ஒருவரான சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பின்னாளில் அதே சபையிலிருந்து வந்தவர்தான் தேம்பாவணி தந்த வீரமாமுனிவர்.

அன்றாட ஆன்ம சோதனைக்கு இஞ்ஞாசியார் வகுத்த முறையில், முதற்படி பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி கூறுவது. பிழைகளை ஆராய்வது அதன் பிறகே. 1556-இல் மறையும்வரை அவர் காலைச் சாய்த்தே நடந்தார். குறை நீங்கட்டும், பிறகு நன்றி சொல்வோம் என்று காத்திருந்திருந்தால் அவர் அந்தப் படுக்கையைவிட்டு எழுந்தே இருக்கமாட்டார் என்று தோன்றுகிறது.

நான் கிடந்த ஐந்து மாதமும் என்னைத் தோளில் தாங்கி நடக்கவைத்த பக்கத்து வீட்டுப் பெரியவர் இப்போது படுக்கையில் இருக்கிறார். மாலைதோறும் அவரை எழுப்பி உட்காரவைத்துச் செய்தித்தாள் படித்துக் காட்டுகிறேன். அவர் வீட்டுக்கு நடக்கும் அந்த இருபது அடியில் என் கால் இன்னும் சாய்கிறது. ஆனால், அங்கே போய்ச் சேர அது போதுமானதாக இருக்கிறது.