பீரங்கிக் குண்டில் தீட்டிய வில்லை

1609ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கோடி அற்புதர் புனித அந்தோனியாரின் திருநகரான பாதுவாவில் வாழ்ந்த ஒரு பேராசிரியருக்குக் கடிதம் ஒன்று வந்தது. அக்காலத்தில் கடதாசி விலையுயர்ந்த பொருள். ஆகவே அவர் அந்தத் தாளை வீசிவிடாமல், வெனிஸ் நகரச் சந்தையில் தாம் வாங்கவேண்டிய சாமான்களை அதில் எழுதி வைத்தார். மூன்று வயது மகனுக்குக் காலணியும் தொப்பியும், வீட்டுக்குப் பருப்பு, கடலை, அரிசி, சீனி, மிளகு, கராம்பு, கறுவா என்று அந்தப் பட்டியல் நீளுகிறது. அந்தக் கறுவா எங்கள் தீவிலிருந்தே கப்பலேறியதாகவும் இருந்திருக்கலாம். இதுவரை எந்தக் குடும்பத் தலைவனும் எழுதக்கூடிய பட்டியல்தான். ஆனால் அதே தாளில் வேறு சில பொருள்களும் காணப்படுகின்றன. இரண்டு பீரங்கிக் குண்டுகள், வெள்ளீயத்தால் ஆன ஓகன் குழாய் ஒன்று, இரும்புக் கிண்ணங்கள், மட்டமாக்கிய ஜெர்மானியக் கண்ணாடி, உடைந்த முகக்கண்ணாடித் துண்டுகள், பிசின், கம்பளித் துணி, மெருகிடும் பொடி.

பட்டியலை எழுதியவர் கலிலியோ கலிலி. இந்தப் பழைய சாமான்களைக் கொண்டு அவர் செய்ய நினைத்தது போர்க்கருவி அன்று. வானத்தைப் பார்க்கும் கண்.

கலிலியோ 1564ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி இத்தாலியின் பீசா நகரில் பிறந்தார். தந்தையார் வின்சென்சோ இசைவாணர். நரம்பிசைக் கருவியில் வல்லவர். சிறுவயதில் கலிலியோ வல்லொம்பிரோசா மலையிலுள்ள துறவியர் மடத்தில் கல்வி பயின்றார். அங்கேயே துறவியாகிவிடவும் விரும்பினார். மகன் வைத்தியனாகிக் குடும்பத்தைத் தாங்குவான் என்று எதிர்பார்த்திருந்த தந்தையார் அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிட்டார். ஆனால் வைத்தியக் கல்வியில் அவருடைய மனம் நிற்கவில்லை. பட்டம் எதுவும் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி, கணிதத்தில் தம்மை முற்றாக ஈடுபடுத்தினார்.

1591ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். மூத்த மகன் என்ற முறையில் குடும்பப் பொறுப்பு முழுவதும் கலிலியோவின் தலையில் விழுந்தது. தங்கையருக்குப் பேசிய சீதனத்தையும் அவரே கொடுத்துத் தீர்க்கவேண்டியிருந்தது. சீதனக் கடன் ஒரு மனிதனை எவ்வளவு நெருக்கும் என்பதை எமது குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1592இல் பாதுவாப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானபோது அவருக்குக் கிடைத்த சம்பளம் ஆண்டுக்கு 180 புளோரின் மட்டுமே. அது போதாமையால் மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு கொடுத்துப் பணம் பெற்றார். வீட்டோடு ஒரு பட்டறை அமைத்து, கைவினைஞர் ஒருவரை வேலைக்கு வைத்து, தாமே வகுத்த அளவுகருவிகளைச் செய்வித்து விற்றார். பேராசிரியர் ஒருவர் அரத்தையும் உளியையும் கையில் எடுப்பது அந்நாளில் கௌரவமாக எண்ணப்படவில்லை. கலிலியோ அதைப் பொருட்படுத்தவில்லை. வறுமைக்காகத் தொடங்கிய அந்தப் பட்டறையே பின்னர் அவருக்கு வானத்தின் வாசலைத் திறந்துவிட்டது.

1608ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்திலே மூக்குக்கண்ணாடி செய்பவர் ஒருவர், தூரத்துப் பொருளைக் கிட்டக் காட்டும் குழாய் ஒன்றுக்கு உரிமை கேட்டு விண்ணப்பித்தார். அச்செய்தி அடுத்த ஆண்டில் கலிலியோவின் காதுக்கு எட்டியது. ஒரு நுனியில் குவிவு வில்லை, மறு நுனியில் கண்ணருகே குழிவு வில்லை. இவ்வளவுதான் அதன் சூட்சுமம். கலிலியோ முதலில் செய்த குழாய் பொருள்களை மூன்று மடங்கு பெருப்பித்துக் காட்டியது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், எட்டு ஒன்பது மடங்கு பெருப்பிக்கும் குழாய் ஒன்றை வெனிஸ் நகரப் பெரியோருக்குப் புனித மாற்கு பேராலய மணிக்கூண்டின் உச்சியில் வைத்துக் காட்டினார். வெறுங் கண்ணுக்குத் தெரியாத கப்பல்கள் அதில் தெரிந்தன. அவருடைய சம்பளம் 1000 புளோரினாக உயர்த்தப்பட்டது.

அவர் அதோடு திருப்தி அடையவில்லை. கடையில் கிடைத்த மூக்குக்கண்ணாடி வில்லைகள் வானத்தை ஆராயப் போதியனவாக இல்லை. ஆகவே வில்லையைத் தாமே தீட்டத் துணிந்தார். இங்கேதான் அந்தப் பட்டியலின் பொருள் விளங்குகிறது. கண்ணாடியில் குழிவு உண்டாக வேண்டுமானால், அதை உருண்டையான ஒன்றின்மேல் வைத்துத் தேய்க்கவேண்டும். செம்மையான உருண்டை வடிவில் வார்க்கப்பட்ட இரும்பு, பீரங்கிக் குண்டைப்போல் வேறெங்கே எளிதாகக் கிடைக்கும்? குவிவு வில்லைக்குக் குழிந்த இரும்புக் கிண்ணம் வேண்டும். வில்லையைப் பிடிப்பதற்குப் பிசினும், மெருகிடுவதற்குப் பொடியும் கம்பளியும் வேண்டும். கோவிலில் இசை எழுப்புவதற்கென்று செய்த ஓகன் குழாய், வில்லைகளைத் தாங்குவதற்கு ஏற்ற குழாய்.

வேலை எளிதாக இருக்கவில்லை. 60க்கு மேற்பட்ட தொலைநோக்கிகளை மிகுந்த செலவோடும் பிரயாசையோடும் செய்ததில், நுண்ணிய வானக் காட்சிகளைக் காட்ட வல்லவையாகத் தேறியவை மிகச் சிலவே என்று அவர் பின்னர் எழுதினார். கண்ணாடிக்குள் குமிழி இருந்தது. வடிவு சற்றே பிசகியது. ஒவ்வொன்றையும் ஒதுக்கிவிட்டு மறுபடியும் தொடங்கினார். அந்தப் பொறுமையின் பயனாக இருபது மடங்கு பெருப்பிக்கும் கருவி அவர் கைக்கு வந்தது.

அதன் பின் நிகழ்ந்தவை உலகறிந்தவை. வழுவழுப்பான பளிங்குருண்டை என்று எண்ணப்பட்ட சந்திரனில் மலைகளும் பள்ளங்களும் தெரிந்தன. பால்வீதி எண்ணற்ற விண்மீன்களின் கூட்டம் என்று புலனாயிற்று. 1610ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் திகதி இரவு, வியாழக் கிரகத்தின் அருகே ஒரே வரிசையில் மூன்று சிறு ஒளிப்புள்ளிகளைக் கண்டார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறின. சில நாள்களில் நாலாவது புள்ளியும் தோன்றியது. அவை வியாழனைச் சுற்றும் சந்திரன்கள் என உணர்ந்தார். எல்லாமே பூமியைத்தான் சுற்றுகின்றன என்ற பழைய எண்ணம் அந்த இரவுகளிலேதான் ஆட்டங்கண்டது.

இக்கண்டுபிடிப்புகளைச் சரிபார்த்து உண்மையென ஏற்றுக்கொண்டவர்கள், உரோமைக் கல்லூரியில் இருந்த யேசு சபை வானியல் குருக்களே. 1611இல் கலிலியோ உரோமைக்குச் சென்றபோது அவருக்கு அங்கே பாராட்டு விழா எடுத்தார்கள். அச்சபையின் குருக்களில் ஒருவரான யான் ரிஷோ அடிகளார், 1689ஆம் ஆண்டு டிசெம்பரில் எமது அயலிலுள்ள புதுச்சேரியில் தொலைநோக்கி வைத்து வால்வெள்ளி ஒன்றை நோக்கிக்கொண்டிருக்கையில், சென்ரோறஸ் விண்மீன் கூட்டத்தின் மிகப் பிரகாசமான மீன் ஒன்றல்ல, இரண்டு என்பதைக் கண்டறிந்தார். வன்னியில் வைகாசி மாத இரவுகளில் தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே நாமும் காணக்கூடிய மீன் அது.

ஆனால் காலம் ஒரே சீராகச் செல்லவில்லை. சூரியனே நடுவில் நிற்க, பூமி அதைச் சுற்றுகிறது என்ற கொப்பேர்னிக்கஸின் கொள்கையைக் கலிலியோ ஆதரித்தார். வேதாகமத்தின் சில வசனங்களுக்கு அது முரணானது என்று பலர் கருதினர். வேதாகமம் எமக்கு மீட்பின் வழியைக் கற்பிக்க அருளப்பட்டதேயன்றி வானியலைக் கற்பிக்க அன்று என்பது கலிலியோவின் நிலைப்பாடு. 1616இல் அக்கொள்கை தடைசெய்யப்பட்டது. அதை உண்மையெனக் கொள்ளவோ காத்துப் பேசவோ வேண்டாமென்று, பிற்காலத்தில் புனிதராக உயர்த்தப்பட்ட கர்தினால் பெலார்மின் அவருக்கு அறிவுறுத்தினார். கலிலியோவிடமும் குறைகள் இருந்தன. எதிராளிகளைக் கேலி செய்யும் நாவு அவருக்கு இருந்தது. பூமி அசைவதற்குப் பெரும் ஆதாரமாக அவர் காட்டிய கடல் வற்றுப்பெருக்கு பற்றிய விளக்கமும் பிழையானது. ஆயினும் மூலக் கொள்கையில் அவரே சரி.

1632இல் அவர் வெளியிட்ட உரையாடல் நூல் பெரும் புயலைக் கிளப்பியது. முன்னர் நண்பராயிருந்த பாப்பரசர் 8ஆம் ஊர்பன் சினங்கொண்டார். 1633ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் திகதி, எழுபது வயதை நெருங்கிய அந்த முதியவர் உரோமையில் முழந்தாளிட்டுத் தமது கொள்கையை மறுதலிக்க வேண்டியதாயிற்று. விசாரணை செய்த பத்துக் கர்தினால்மாரில் மூவருடைய கையொப்பம் தீர்ப்பில் இல்லை. எழுந்து நின்றபோது பூமி அசையத்தான் செய்கிறது என்று அவர் முணுமுணுத்ததாகச் சொல்லப்படும் கதைக்கு அக்காலச் சான்று கிடையாது. அவரை இருட்டறையில் அடைத்து வதைத்ததாகப் பரவிய கதையும் உண்மையன்று. ஆனால் ஆயுள் முழுவதும் வீட்டுக்காவல் என்பது உண்மை.

அந்தத் துயரிலே அவரைத் தாங்கியது ஒரு கன்னியர் மடம். மரீனா கம்பா என்னும் பெண்ணோடு முறையான திருமணமின்றி வாழ்ந்த காலத்தில் கலிலியோவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்திருந்தனர். மூத்தவள் வெர்ஜீனியா, புளோரன்சுக்கு அருகே ஆர்செத்ரியிலுள்ள புனித கிளாரம்மாள் சபை மடத்தில் சேர்ந்து, அருட்சகோதரி மரிய செலெஸ்தே ஆனாள். செலெஸ்தே என்றால் வானத்துக்குரியவள் என்று பொருள். வறிய அந்த மடத்திலிருந்து தந்தைக்கு அவள் எழுதிய கடிதங்களில் 124 இன்றும் உள்ளன. தகப்பனின் சட்டைகளைத் தைப்பாள். பழப்பாகும் மருந்தும் செய்து அனுப்புவாள். தண்டனையின் ஒரு பகுதியாக அவர் வாரந்தோறும் சொல்லவேண்டியிருந்த ஏழு தவச் சங்கீதங்களைத் தான் சொல்லுவதாக ஏற்றுக்கொண்டாள். தகப்பன் திரும்பி வந்த சில மாதங்களுள், 1634ஆம் ஆண்டு ஏப்ரலில், 33 வயதிலே இறந்துபோனாள்.

கலிலியோ ஒடிந்துபோனார், ஆனால் ஓய்ந்துவிடவில்லை. பொருள்களின் அசைவும் உறுதியும் பற்றிய அவரது தலைசிறந்த நூல் 1638இல் லெய்டன் நகரில் அச்சேறியது. அதற்குள் அவருடைய இரு கண்களும் பார்வையை இழந்துவிட்டன. வேறெவரும் காணாததைக் கண்ட கண்கள் இருளில் ஆழ்ந்தன. 1642ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் திகதி, தாம் ஒருபோதும் கைவிடாத கத்தோலிக்க விசுவாசத்தில் அவர் மரித்தார். புளோரன்சின் திருச்சிலுவை ஆலயத்தில் ஒதுக்குப்புறமான சிறு அறையில் அடக்கம் செய்யப்பட்ட அவருக்கு, 1737இலேயே தகுந்த கல்லறை கிடைத்தது.

திருச்சபை தனது தவறை மறைக்கவில்லை. 1979ஆம் ஆண்டு நவம்பரில் பாப்பரசர் 2ஆம் யோவான் பவுல், கலிலியோ திருச்சபையினரின் கைகளில் துன்புற்றார் என்பதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு, இவ்விடயம் மீண்டும் ஆராயப்பட வழிசெய்தார். 1992ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் திகதி, அக்கால இறையியலாளர் செய்த பிழையை அவர் பகிரங்கமாக எடுத்துரைத்தார். 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் புதுப்பித்து நிறுவிய வத்திக்கான் வானாய்வகத்தில் யேசு சபையினர் இன்றும் விண்மீன்களை ஆராய்கின்றனர். நம்பிக்கையும் அறிவும் ஒரே இறைவனின் கொடைகள். ஒன்று மற்றதைக் கண்டு அஞ்சத் தேவையில்லை.

கலிலியோ வானத்தை நோக்கிய 400ஆம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, 2009ஆம் ஆண்டு சர்வதேச வானியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. உலகத்துப் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு தொலைநோக்கியில் வியாழனைப் பார்த்த அதே ஆண்டில், வன்னிப் பிள்ளைகள் வானத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பதை நாம் அறிவோம். அந்நாளில் வானத்திலிருந்து வந்தது ஒளி அன்று. போர் முடிந்த பின்னர் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வயலோரங்களிலும் பற்றைகளிலும் மிஞ்சிக் கிடந்தது இரும்பு. அதைப் பொறுக்கி நிறுத்து விற்று அடுப்பெரித்த குடும்பங்கள் எத்தனை! அதில் வெடிக்காத குண்டு இருப்பதறியாமல் கையை இழந்தவர்களும் உண்டு. ஆகவே பெற்றோரே, இனந்தெரியாத இரும்பைப் பிள்ளைகள் தொடாதபடி காத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பட்டறையில் கிடக்கும் தகரக் குழாயும், தாத்தாவின் பழைய மூக்குக்கண்ணாடியும், உருப்பெருக்கும் வில்லையும் ஆபத்தற்றவை. அவற்றைக் கொண்டு பாடசாலைப் பிள்ளை ஒரு குழாய் செய்து சந்திரனை நோக்கட்டும். சூரியனை மட்டும் ஒருபோதும் அதனூடாகப் பார்க்கக்கூடாது, கண் பறிபோய்விடும். பட்டணத்து வெளிச்சம் கெடுக்காத வன்னியின் இரவு வானம், இறைவன் எமக்கு விட்டுவைத்த பெருஞ்செல்வம்.

வாள்கள் கலப்பைக் கொழுக்களாக மாறும் நாளை இசையாஸ் தீர்க்கதரிசி கண்டார். உயிரைக் குடிக்க வார்த்த குண்டின்மேல் கண்ணாடியைத் தேய்த்து, படைத்தவரின் கைவேலையைக் காணும் கண்ணை ஒரு ஏழைப் பேராசிரியர் ஆக்கிக்கொண்டார். இரும்பு எதற்காக வார்க்கப்பட்டது என்பது முடிவான செய்தி அன்று. அதை எடுக்கும் கை என்ன செய்கிறது என்பதே முடிவு. எமது பிள்ளைகளின் கைகள் அந்தக் கைகளாக வளரட்டும்.