முதல் பட்ஜெட் போட்ட மில்காரர்



பிப்ரவரி முதல் தேதி வந்தால் நம்மில் பலர் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறோம். நூலுக்கு என்ன, ஏற்றுமதிக்கு என்ன என்பதுதான் கவலை. சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் போட்டவரே நம் பக்கத்துப் பஞ்சாலைக் குடும்பத்துக்காரர் என்பது உங்களுக்குத் தெரியுமா? அவர்தான் ஆர்.கே. சண்முகம் செட்டியார்.

1892-இல் கோவையில் பிறந்தார். ஊத்துக்குளியும் அன்று கோவை மாவட்டம்தான். சென்னையில் சட்டம் படித்தவர், 1917-இல் கோவை நகராட்சி உறுப்பினரானார், பிறகு துணைத் தலைவர். (நம் சங்கக் கூட்டத்துக்கு வர யோசிப்பவர்கள் கவனிக்கவும்!) 1920-இல் சென்னை சட்டசபை, 1924-இல் டெல்லி மத்திய சட்டசபை, 1933-இல் அந்தச் சபைக்கே தலைவர். அடுத்த வருடத் தேர்தலில் காங்கிரஸிடம் தோற்றார். உடனே கொச்சி சமஸ்தானம் அவரைத் திவானாக அழைத்துக்கொண்டது. 1944-இல், உலக வங்கிக்கு அடித்தளம் போட்ட பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவிலும் இருந்தார்.

நீதிக் கட்சியில் இருந்தவர், வெள்ளைக்காரர் கொடுத்த சர் பட்டம் வாங்கியவர். அப்படிப்பட்டவரை நேரு தன் முதல் மந்திரிசபையில் நிதியமைச்சராக்கினார் என்றால், கணக்கில் அவருக்கு இருந்த பெயர் அப்படி.

1947 நவம்பர் 26 அன்று பட்ஜெட் வைத்தார். ஏழரை மாதத்துக்கான கணக்கு அது. வரவு சுமார் 171 கோடி, செலவு சுமார் 197 கோடி. செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ராணுவத்துக்கே போனது. பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களுக்குச் சோறும் இடமும் தர வேண்டும், உணவு தானியமும் பற்றாக்குறை. முப்பது வருடத்துக்கு மேல் லெட்ஜர் பார்த்தவன் நான், இந்தக் கணக்கை நினைத்தாலே தலை சுற்றுகிறது. அப்போது அவர் கொண்டுவந்த வரி உயர்வு எதன்மேல் தெரியுமா? ஏற்றுமதியாகும் பருத்தித் துணி, நூல்மேல்! மில்காரர் குடும்பத்திலிருந்து வந்தவர் சொந்தத் தொழில்மேலேயே கை வைத்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

ஆனால் ஒரு வருடம்தான் பதவி. வரி ஏய்ப்பு விசாரணைக் கமிஷனுக்குப் போக வேண்டிய பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டது பெரிய பிரச்சினையானது. அமைச்சர் என்ற முறையில் பொறுப்பேற்று 1948 ஆகஸ்டில் ராஜினாமா செய்தார். பேங்கில் ஒரு பெயர் விட்டுப்போனாலே ஆடிட்டர் விடமாட்டார். இங்கே பார்லிமெண்ட் கேட்டது. அவர் விலகியது சரிதான் என்பது என் எண்ணம். உங்களில் சிலர் ஒத்துக்கொள்ளமாட்டீர்கள்.

அரசியலுக்கு வெளியே, தமிழிசை இயக்கத்தில் முன்நின்றவர். சிலப்பதிகாரம் புகார்க் காண்டத்துக்கு உரையும் எழுதினார். 1953 மே மாதம் காலமானார், வயது 60.

அவர் உரை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.