கத்தி வினைஞர் கார்ல் எல்சனர்

எங்கள் வீட்டுப் பெட்டகத்திலே என் பாட்டனார் கையாண்ட மடக்கெழுத்தாணி ஒன்று உளது. அதன் ஒரு முனையிலே எழுத்தாணி; மறு முனையிலே ஓலை வாரும் கத்தி. இரண்டும் மடங்கிப் பிடியினுள்ளே அடங்கிவிடும். ஏடெழுதிய காலத்துப் புலவர்க்கு அஃது ஒன்றே போதியதாயிருந்தது. ஓலையை அளவாக வாருதற்கு ஒரு கருவியும், எழுதுதற்கு வேறொரு கருவியும் சுமந்து திரியவேண்டிய இடர் அவர்க்கில்லை. பல கருவிகளை ஒரு பிடிக்குள் அடக்கும் எண்ணம் மேனாட்டாருக்கே உரியதென்று கருதுவோர் அதனை ஒருமுறை பார்த்தல் நன்று. நிற்க.

சென்ற ஆவணி விடுமுறையிலே, சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் வாழும் என் தமக்கையாரின் மகன் ஊருக்கு வந்திருந்தான். வந்தவன் மாமாவுக்கென்று செந்நிறப் பிடியுடைய வில்லுக்கத்தி இரண்டு கொண்டுவந்து தந்தான். ஒன்றின் பிடியிலே கேடய வடிவினுள் வெண்சிலுவை. மற்றதிலே மூலை மழுங்கிய சதுரத்தினுள் வெண்சிலுவை. இரண்டையும் யான் கல்லூரிக்குக் கொண்டு சென்றபோது மாணாக்கர் சூழ்ந்துகொண்டனர். எது தரமிக்கது என்னும் வழக்கு அவர்களுள்ளே எழுந்தது. நடுவராக என்னைக் கேட்டனர். யானோ சிறிதும் ஆராயாது, கேடயக் குறியுடையதே உண்மைப் பொருள் என்றும், மற்றது அதனைப் பார்த்துச் செய்த போலி என்றும் தீர்ப்புரைத்துவிட்டேன். இலக்கணத்திலே ஓர் எழுத்துக்கும் ஆதாரம் கேட்கும் யான், கத்தி விடயத்தில் மாத்திரம் ஆதாரமின்றிப் பேசினேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் தொடங்கி, அக்கத்தியை முதன்முதல் செய்த கார்ல் எல்சனர் என்பாரின் வாழ்க்கையைக் கிடைத்த நூல்களிலெல்லாம் தேடிப் படித்தேன். படித்ததை ஈண்டுக் கூறுகின்றேன்.

சுவிற்சர்லாந்து என்னும் நாட்டுக்குத் தன் பெயரை ஈந்தது சுவிற்ஸ் என்னும் சிறு மாநிலம். 1291ஆம் ஆண்டில் மலைநாட்டார் மூவர் கூடிச் செய்த உடன்படிக்கை ஏடு இன்றும் அங்கேதான் காக்கப்பட்டு வருகின்றது. மீத்தன் என்னும் இரட்டைச் சிகரங்களின் அடிவாரத்திலே கிடக்கும் அந்நாடு கண்ணுக்கு இனியதாயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வயிற்றுக்கு இனியதாயிருக்கவில்லை. மலைச்சரிவிலே மாடு மேய்ப்பதன்றி வேறு தொழில் அருகியிருந்தமையால், இளைஞர் பலர் கப்பலேறி அமெரிக்கா சென்றனர். பிறந்த மண்ணிலே பிழைக்க வழியின்றிப் பிள்ளைகள் கடல் கடந்து போவதன் துயரம் நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதொன்றன்று. அன்று மக்களை வெளியே அனுப்பிய அந்நாட்டுக்கே இன்று நம் பிள்ளைகள் போய்க் குடியேறியிருப்பது காலத்தின் விளையாட்டுப் போலும்.

அம்மாநிலத்திலே 1860ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 9ஆந் திகதி எல்சனர் பிறந்தார். தந்தையார் தொப்பி செய்யும் தொழிலினர். அன்னையார் பெயர் விக்டோரியா. தந்தையின் தொழிலிலே மனம் பற்றாத மைந்தர், கத்தி வினை கற்க விரும்பிச் சூக் என்னும் அயல் நகருக்குச் சென்று பயின்றார். அக்காலத்து ஐரோப்பியத் தொழிலாளரிடையே ஒரு நல்வழக்கம் இருந்தது. தொழில் கற்றவன் உடனே கடை திறந்துவிடுவதில்லை. ஊரூராகச் சென்று பல ஆசிரியரிடத்தே வேலை செய்து கை தேர்ந்த பின்னரே சொந்தப் பட்டறை அமைப்பான். அவ்வழக்கப்படி எல்சனர் பாரிஸ் மாநகரிலும், தென் யேர்மனியிலுள்ள தூற்லிங்கன் என்னும் ஊரிலும் பணிபுரிந்தார். தூற்லிங்கன் சத்திர வைத்தியக் கருவிகளுக்குப் பேர்பெற்ற ஊர். மயிரிழை பிசகினும் உயிர்க்கு ஊறு செய்யும் கருவிகளை வனையும் அவ்வூர்ப் பயிற்சி அவர் கைக்கு எத்தகைய நுண்மையை அளித்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்வாராக.

1884ஆம் ஆண்டில், இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதளவிலே, ஊர் திரும்பிய எல்சனர் சுவிற்ஸ் நகரை அடுத்த இபாக் என்னும் சிற்றூரிலே தம் பட்டறையை நிறுவினார். அன்னையார் உறுதுணையாக நின்றார். ஓடை நீர் சில்லைச் சுழற்ற, அச்சில்லு சாணைக்கல்லைச் சுழற்றிற்று. வீட்டுக்கும் வைத்தியர்க்கும் வேண்டிய கத்திகள் அங்கே உருவாயின.

கத்தியின் தரம் என்பது கண்ணாற் காண்பதன்று. பளபளப்பும் பிடியின் நிறமும் கடைக்காரனுக்கு உதவுவன. வாங்குவோனுக்கு உதவுவது உருக்கின் பதம். உருக்கைச் செந்தழலாகக் காய்ச்சித் திடீரெனக் குளிர்வித்தால் அது மிக்க வன்மை பெறும். ஆயின் கண்ணாடி போல் நொறுங்கும். மீண்டும் இளஞ்சூட்டிலே வைத்து எடுத்தால் நொறுங்கும் குணம் நீங்கும். ஆயினும் சூடு சற்று மிகுந்தால் வன்மையும் கெட்டு, ஈரப்பலா அரிந்தாலும் கூர் மழுங்கிவிடும். இவ்விரண்டு கேட்டுக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய வழியிலே நடப்பதுதான் கத்தி வினைஞனின் கல்வி. எங்கள் ஊர்க் கொல்லுலையிலே மண்வெட்டிக்குத் துவைச்சல் போடும் முதியவர், உருக்கில் ஓடும் நிறத்தைப் பார்த்தே பதம் அறிவார். எல்சனரும் கண்ணாலும் கையாலும் அறிந்த தலைமுறையைச் சேர்ந்தவரே.

அவர் வாழ்வைத் திருப்பியது ஒரு துப்பாக்கி. சுவிற்சர்லாந்து இராணுவம் 1889ஆம் ஆண்டு மாதிரியான புதிய துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதனைக் கழற்றித் துடைத்துப் பூட்டுதற்குத் திருப்புளி வேண்டும். படைவீரர் உண்ணும் உணவோ தகரப் பேணிகளில் அடைபட்டு வரத் தொடங்கியிருந்தது. அதனைத் திறத்தற்கு ஒரு கருவி வேண்டும். தோலிலே துளையிடக் குத்தூசி வேண்டும். இவற்றோடு அலகு ஒன்றும் சேர்ந்த மடக்குக் கத்தியை ஒவ்வொரு வீரனுக்கும் அளிப்பதென இராணுவத்தார் முடிவு செய்தனர். ஆயின் அத்தனை கத்திகளைச் செய்து கொடுக்க வல்ல தொழிலகம் அந்நாட்டில் ஒன்றேனும் இல்லை. ஆதலின் முதற்கட்டளையான 15,000 கத்திகள் யேர்மனியிலே சோலிங்கன் நகரத்துக் கொம்பனி ஒன்றுக்குச் சென்றன. 1891ஆம் ஆண்டு ஒக்டோபரிலே அவை வந்து சேர்ந்தன.

தன் நாட்டு வீரன் இடையிலே பிற நாட்டுக் கத்தி தொங்குவதை எல்சனரால் பொறுக்க இயலவில்லை. கத்தி வினைஞர் ஏறத்தாழ இருபத்தைவரை ஒருங்கு கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். தனித்தனியே செய்ய முடியாததைச் சேர்ந்து செய்வோம் என்பது அவர் கருத்து. அவ்வாண்டு முடிவதற்குள்ளே அவர்கள் செய்த கத்திகளும் இராணுவத்துக்குப் போகத் தொடங்கின. கருங்காலி போற் கறுத்த மரப்பிடியும், கருவிகள் நான்கும் உடைய அக்கத்தி உறுதியில் குறைவற்றது.

இங்கேதான் இடர் வந்தது. சோலிங்கன் நகரத்தார் இயந்திரங்களும் பெருந்தொகைத் தொழிலாளரும் உடையோர். அவர் அதே கத்தியைக் குறைந்த விலைக்குத் தந்தனர். கைவினையாளர் தரத்திலே தோற்கவில்லை, விலையிலே தோற்றனர். சங்கத்திலே சேர்ந்தோர் ஒருவர் பின் ஒருவராக விலகினர். அவர்களைக் குறை கூறுதல் எளிது. பிள்ளைகுட்டிகளுக்குச் சோறு போடவேண்டியவன் நட்டத்துக்கு எத்தனை மாதம் உழைப்பான்? முடிவில் எல்சனர் ஒருவரே எஞ்சினார். கையிருந்த பொருள் கரைந்தது. கடன் கழுத்தளவுக்கு ஏறிற்று. சுற்றத்தார் கைகொடுத்தமையாலும், கடன் கொடுத்தோர் பொறுத்தமையாலுமே அவர் பட்டறை ஏலத்துக்குப் போகாது தப்பிற்று. அவருடைய வரலாறு எழுதுவோர் பலர் இப்பகுதியை இரண்டு வரியிலே கடந்து செல்கின்றனர். எனக்கோ அவர் வாழ்க்கையின் நடுவிடம் இதுவே எனத் தோன்றுகின்றது. விலையைக் குறைக்கும் பொருட்டு உருக்கின் தரத்தைக் குறைக்கும் வழி அவருக்குத் திறந்தே கிடந்தது. அவர் போட்டியை வேறோரிடத்துக்கு மாற்றினார்; பழைய கத்தியை மலிவாக்காமல், ஒருவரிடமும் இல்லாத கத்தியொன்றைச் செய்ய முயன்றார்.

வீரனின் கத்தி உறுதியுடையதாயினும் பாரமானது. அதிகாரிகளுக்கு அதனினும் இலேசானதும் அழகியதுமான ஒன்றை ஆக்கவேண்டுமென எல்சனர் எண்ணினார். மடக்குக் கத்தியின் உயிர்நிலை அதன் முதுகிலுள்ள வில். அலகை விரித்தபோதும் மடக்கியபோதும் அசையாது பிடித்துக்கொள்வது அவ்வில்லே. யாழ்ப்பாணத்தார் அதனை வில்லுக்கத்தி என வழங்குவது எத்துணைப் பொருத்தம்! அலகுகள் பெருகுந்தோறும் வில்லும் பெருகினால் கத்தி தடித்துப் பாரமாகிவிடும். ஆகவே, ஒரே வில்லானது பிடியின் இருபுறத்துக் கருவிகளையும் தாங்குமாறு ஓர் அமைப்பை 1896ஆம் ஆண்டளவிலே எல்சனர் கண்டுபிடித்தார். விற்கள் இரண்டே, கருவிகளோ ஆறு. முன்னிருந்த நான்கோடு, சிறிய அலகொன்றும், போத்தலின் தக்கையைப் பிடுங்கும் திருகூசியும் சேர்ந்தன. 1897ஆம் ஆண்டு யூன் மாதம் 12ஆந் திகதி அவ்வமைப்பு சட்டப்படி பதிவாயிற்று. 

இராணுவம் அதனைத் தன் பொருளாக ஏற்கவில்லை. போத்தல் திறப்பது போருக்கு இன்றியமையாததன்று என எண்ணினர் போலும். ஆயின் அதிகாரிகள் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கடைகளிலே வாங்கினர். எல்சனரின் கடனைத் தீர்த்தது அரசாங்கக் கட்டளை அன்று. கையிலெடுத்துப் பார்த்தவன் மடியை அவிழ்த்துக் கொடுத்த காசே.

இனி, யான் போலி என்ற மற்றக் கத்திக்கு வருகின்றேன். சுவிற்சர்லாந்தின் மேற்குப் பக்கத்திலே, பிரெஞ்சு மொழி வழங்கும் யூறா மலைப்பகுதியில், தெலெமோன் என்னும் ஊர் உளது. அங்கே பொல் புவேஷா என்பவரின் கத்தித் தொழிலகம் 1893ஆம் ஆண்டிலே இராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுக்கத் தொடங்கிற்று. பின்னர் அதன் மேலாளரான தியோடர் வெங்கர் அதனை விலைக்கு வாங்கித் தம் பெயரைச் சூட்டினார். இங்ஙனம் யேர்மன் மொழி பேசும் சுவிற்ஸிலே ஒன்றும், பிரெஞ்சு மொழி பேசும் யூறாவிலே ஒன்றுமாக இரு தொழிலகங்கள் ஒரே கத்திக்குப் போட்டியிட்டன. ஒன்றற்கு முழுவதையும் கொடுத்தால் மற்ற மொழியாளர் மனம் புண்படும். ஆதலால் 1908ஆம் ஆண்டிலே அரசாங்கத்தார் கட்டளையைச் சரிபாதியாகப் பகுத்து இருவர்க்கும் அளித்தனர். விலையில் ஒருவரோடொருவர் போட்டியிடுவதும் அரசுக்கு நலமே என்று எண்ணியிருப்பர். ஆயினும் இரு மொழியாளரையும் ஒக்க நோக்கி ஓர் அரசு கத்தியைக்கூடப் பங்கிட்டது என்னும் செய்தியைப் படித்தபோது, யான் சிறிது நேரம் நூலை மூடி வைத்துவிட்டு முற்றத்திலே உலாவினேன்.

ஆகவே சதுரக் குறியுடைய கத்தி போலியன்று. கேடயக் குறியுடையதற்கு ஒத்த உரிமையுடைய உடன்பிறப்பு. இரண்டையும் விரித்துப் பார்த்தால் வேற்றுமை சில புலப்படும். எல்சனர் வழிவந்த கத்தரிக்கோலிலே மெல்லிய தனித்தகட்டு வில் ஒன்று உண்டு. அது நாட்பட்டால் முறிதலும் கூடும், ஆயின் மாற்றிக்கொள்ளலாம். வெங்கர் கத்தரிக்கோலின் வாயிலே நுண்ணிய பற்கள் உள. வழுக்குந் தன்மையுடைய நூலும் நழுவாது. பேணி திறக்கும் கருவியின் வளைவும் இரண்டிலும் வேறு. முன்னதின் நுனியிலே சிறு திருப்புளியும் அமைந்துள்ளது. மடக்கும்போது எழும் ஒலியிலே முன்னது எனக்குச் சற்று உயர்வாகத் தோன்றுகின்றது. நூல் கத்தரிக்கவோ பின்னதைத்தான் எடுக்கின்றேன். இவை கைப்பழக்கத்தைப் பொறுத்த வேற்றுமைகள்; உருக்கின் பதத்திலே இரண்டுக்கும் இடையே யான் குறை காணவில்லை.

1909ஆம் ஆண்டிலே எல்சனரின் அன்னையார் காலமானார். பட்டறை தள்ளாடிய நாட்களிலும் தம் பக்கத்தில் நின்ற அவ்வம்மையாரின் நினைவாக, விக்டோரியா என்னும் பெயரையே மைந்தர் தம் கத்திகளுக்குச் சூட்டினார். சிலுவை பொறித்த கேடயக் குறியும் அவ்வாண்டிலேதான் தோன்றிற்று. உலகம் முழுவதும் சட்டைப்பையிற் கிடக்கும் அப்பெயர் ஒரு தாயின் பெயரென்று அறிந்தோர் சிலரே.

எல்சனர் 1918ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி, தமது ஐம்பத்தெட்டாம் வயதிலே மறைந்தார். அவர் காலத்துக் கத்திகள் யாவும் துருவேறும் உருக்கினால் ஆனவை. துடைத்து எண்ணெய் பூசி வைக்கவேண்டியவை. துருவேறா உருக்கு அவர் மைந்தர் காலத்திலே, 1921ஆம் ஆண்டிலே, பட்டறைக்கு வந்தது. அவ்வுருக்கைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கமாகிய இனொக்ஸ் என்பதை அன்னையார் பெயரோடு புணர்த்தியபோது விக்டோரினொக்ஸ் என்றாயிற்று. யேர்மன் மொழி பேசும் தாயின் பெயரோடு பிரெஞ்சுச் சொல் புணர்ந்த இப்புணர்ச்சிக்கு நன்னூலார் விதி கூறார்.

நெடுங்காலம் போட்டியிட்டு நின்ற இரு தொழிலகங்களும் 2005ஆம் ஆண்டிலே ஒன்றாயின. விக்டோரினொக்ஸ் வெங்கரை வாங்கிற்று. கத்தியிலே வெங்கர் பெயர் பொறிப்பதும் 2013ஆம் ஆண்டில் எடுத்த முடிவின்படி நின்றுபோயிற்று. என் மருமகன் தந்த சதுரக் குறிக் கத்தி, அவன் பேர்ண் சென்ற தொடக்க நாட்களிலே முதற் சம்பளத்தில் வாங்கியதாம். அதனை யான் போலி என்று வகுப்பிலே கூறியதை அவனுக்கு இன்னும் எழுதவில்லை.

சென்ற திங்கட்கிழமை மாணாக்கரிடத்தே என் தீர்ப்புப் பிழையென்பதை ஒப்புக்கொண்டு, மேற்கூறிய வரலாற்றை எடுத்துரைத்தேன். வழக்குத் தொடுத்த இருவரும் அமைதியாகக் கேட்டனர். பின்னர் அவருள் ஒருவன், பாட்டனாரின் மடக்கெழுத்தாணியையும் கொண்டுவந்து காட்டும்படி கேட்டான். வருகின்ற வெள்ளிக்கிழமை கொண்டு செல்வதாக இருக்கின்றேன்.