எக்ஸ்ரே தந்த ராண்ட்ஜன்



போன வருஷம் எங்க சித்தப்பா தென்னை மரத்துல இருந்து விழுந்துட்டாரு. ரெண்டு காலும் மரத்துப் போச்சு. பெரியாஸ்பத்திரியில் முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தக் கறுப்புப் படத்தில் முதுகெலும்பில் ஒன்று நசுங்கி இருந்தது எனக்கே தெரிந்தது. உடம்பைக் கிழிக்காமல் உள்ளே பார்க்கும் வழியைக் கண்டுபிடித்தவர் யார் என்று அறிய ஆசைப்பட்டேன். அவர்தான் வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன்.

இவர் 1845-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் ஜெர்மனியில் லென்னெப் என்ற ஊரில் துணி வியாபாரியின் ஒரே மகனாகப் பிறந்தார். 3 வயதில் குடும்பம் நெதர்லாந்துக்குப் போனது. அங்கே பள்ளியில் ஒரு மாணவன் ஆசிரியரைக் கேலிப்படம் வரைந்தான். வரைந்தது யார் என்று சொல்ல ராண்ட்ஜன் மறுத்துவிட்டார். பழி இவர் மேல் விழுந்து, பள்ளியை விட்டே நீக்கிட்டாங்க! ஆனாலும் படிப்பை விடவில்லை. சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரில் படித்து 1869-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

1895 நவம்பர் 8. வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் இருட்டு அறை. கறுப்பு அட்டையால் மூடிய கண்ணாடிக் குழாயில் மின்சாரம் செலுத்தினார். கொஞ்சம் தள்ளி இருந்த, வேதிப்பொருள் பூசிய திரை மினுமினுத்தது. அட்டையைத் தாண்டி வந்த அந்தக் கதிர் என்னவென்று தெரியாததால் எக்ஸ் கதிர் என்று பெயர் வைத்தார். டிசம்பர் 22-ல் மனைவி பெர்த்தாவின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அப்படியே தெரிந்தன!

1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு இவருக்குத்தான். பரிசுப் பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று காப்புரிமையும் வாங்கவில்லை. கடைசிக் காலத்தில் விலைவாசி ஏறி, சேமித்த பணம் கரைந்து போனது. 1923 பிப்ரவரி 10-ல் மியூனிக் நகரில் 77 வயதில் காலமானார்.

எக்ஸ்ரேயில் எலும்புதான் நன்றாகத் தெரியும். உள்ளே ஓடும் தண்டுவடம் மெத்தென்று இருப்பதால் தெரியாது. அதற்கு காந்தத்தாலும் ரேடியோ அலையாலும் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும். சித்தப்பாவுக்கு அதையும் எடுத்தார்கள். எலும்பு தண்டுவடத்தை அழுத்தியிருந்தது, ஆனால் அறுபடவில்லை. ஆபரேஷன் முடிந்து, இப்போ குச்சி ஊன்றி நடக்கிறாரு.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அவர் விழுந்ததும் தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தவர்களில் நானும் ஒருத்தி. அது பெரிய தப்பு என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. உடைந்த எலும்பு அசைந்தால் தண்டுவடமே அறுந்து போகலாமாம். யாராவது இப்படி விழுந்தால் தூக்காதீங்க, உட்கார வைக்காதீங்க. கழுத்தும் முதுகும் அசையாமல் பார்த்துக்கொண்டு உடனே 108-க்குப் போன் பண்ணுங்க.

பலன் எதிர்பார்க்காமல் உழைத்த ராண்ட்ஜனை நாமும் பின்பற்றுவோம்.



9-ஆம் வகுப்பு மாணவி